செம்மண் பொட்டலைக் கடந்து ஒரு சிற்றூர்

விடுமுறை என்றால் தென்னாட்டுக்குப் பயணச்சீட்டு வாங்குவது என்றே நம்மவர் பொருள் கொண்டுவிட்டனர். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய்வருவது வேண்டியதுதான். எஞ்சிய விடுமுறை நாட்களை என்ன செய்வது? நாம் பிழைக்க வந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் இவ்வங்க நாட்டின் மண்ணில் காலாற நடந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? ஆகவே, இம்மாதம் நேயர்களை ஒரு பொட்டல்வெளிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

ஹௌராவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், பீர்பூம் மாவட்டத்தில் உள்ளது போல்பூர். சாந்திநிகேதனைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அங்கேயே இறங்கிவிடுவர். நாம் அதற்கு அடுத்த நிலையமாகிய பிராந்திக்கில் இறங்கினோம். ஓரத்தில் உள்ளது என்பது அப்பெயரின் பொருள். உடன் பணிபுரியும் நண்பர் இருவரும், குடும்பத்தாரும், கட்டுச்சோற்று மூட்டையும் நமக்குத் துணை. சியாம்பாட்டி என்னும் இடத்தில் மயூராட்சிப் பாசனக் கால்வாயை அடைந்து, அதற்கு அப்பால் பரந்து கிடக்கும் செந்நிலத்தில் நடக்கலானோம்.

பொட்டல் என்று சொன்னோம். ஆயினும் அது சமவெளியன்று. நிலம் பிளவுண்டு, பள்ளங்களும் மேடுகளுமாகச் சிதைந்து கிடக்கிறது. வங்காளிகள் இதனைக் கோவாய் என்பர். மேற்பரப்பில் இரும்புச் சத்து இறுகி, மிளகும் சுண்டைக்காயும் போன்ற சிவந்த பரல்களாக உறைந்துள்ளது. அதன் கீழே இருப்பதோ மென்மண். முற்காலத்தில் இப்பக்கத்தே இருந்த சால மரக் காடுகள் அழிக்கப்பட்டபின், மண்ணைப் பிடித்து நிறுத்த வேர்கள் இல்லாமற் போயின. பரல் மூடிய இடம் நின்றது. மூடாத இடம் மழையில் கரைந்தோடியது. இவ்வாறு மாரிதோறும் அறுபட்டு உருவானதே இந்நிலம்.

தூத்துக்குடிப் பக்கத்துத் தேரியைக் கண்டவர்களுக்கு இந்நிறம் பழகியதாகவே தோன்றும். ஆனால் தேரி, காற்றுக் குவித்த மணல். கோவாயோ நீர் அறுத்த கல்மண். ஆங்காங்கே தனித்து நிற்கும் பனைமரங்களைக் கண்டபோது, நம்முடன் வந்த நெல்லைக்காரர் உறவினரைக் கண்டதுபோல் மகிழ்ந்தார்.

இந்நிலத்தைப் பயனற்றது என்று சொல்லுதல் எளிது. ஆடுமாடுகள் மேய்வதும், ஏழைப் பெண்டிர் சுள்ளியும் சருகும் பொறுக்குவதும் இங்கேதான். மண்ணரிப்பைத் தடுக்க நட்ட சோனாஜுரி மரங்கள் இன்று பெருந்தோப்பாக வளர்ந்துள்ளன. ஆஸ்திரேலியப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் பொன்னிறப் பூங்கொத்துகளே அப்பெயரைத் தந்தன. அதன் நிழலில் சனிக்கிழமைதோறும் கூடத் தொடங்கிய கைவினைச் சந்தை இப்போது வேறு நாட்களிலும் கூடுகிறது. சந்தையால் சிலர் பிழைக்கின்றனர், நல்லதே. ஆனால் அதைத் தொடர்ந்து விடுதிகளும் ஓய்வு மாளிகைகளும் எழுந்து, வேலிகள் வளர்ந்து வருகின்றன. பொட்டல்தானே என்று வேலியிடுபவர், அவ்வழியே நேற்றுவரை மாடு ஓட்டிச் சென்றவனை எண்ணுவதில்லை.

தோப்பைத் தாண்டினால் பொனேர்புகூர் டாங்கா என்னும் சந்தாலர் சிற்றூர். டாங்கா என்றால் மேட்டுநிலம். சுவர்கள் மண்ணே, ஆயினும் அம்மண்சுவரின் வழவழப்பைக் கண்டு நம் வீட்டுப் பெண்கள் வியந்து நின்றனர். முற்றங்களில் ஒரு துரும்பும் இல்லை. சுவரை மெழுகி வண்ணம் தீட்டுவது பெண்களின் கைத்திறன். தை பிறக்கும் பருவத்தையொட்டி இவர்கள் கொண்டாடும் சொஹ்ராய் விழாவில் மாடுகளைக் குளிப்பாட்டிச் சிறப்புச் செய்வர். மாட்டுப் பொங்கலை அறிந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இவர்கள் பேசும் சந்தாலி, வங்காளியோடு உறவுடைய மொழியன்று, முண்டா இனத்தது. 1925-இல் ரகுநாத் முர்மு அதற்கென ஒல் சிக்கி எழுத்தை வகுத்தார். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலும் அம்மொழி இடம்பெற்றது. தம் சொந்த மண்ணிலேயே அயல்மொழியில் பேரம் பேசிப் பிழைக்கும் இம்மக்களின் நிலை, அயலூரில் தாய்மொழியைப் பேணும் நமக்கன்றி வேறு யாருக்கு எளிதில் விளங்கும்?

ஊர்க் கிணற்றடியில் ஒரு மூதாட்டியார் நம் குழுவை நோக்கி, "உங்கள் வீடு எங்கே?" என்று வங்காளத்தில் வினவினார். பெரியவர்கள் மதுரை, நெல்லை என்று விடை தேடிக்கொண்டிருக்கையில், நண்பரின் எட்டு வயது மகள் தயங்காமல், "லிலுவா" என்றாள். நண்பர் அவளைத் திருத்த வாயெடுத்தார். பிறகு சொல்லாமலே விட்டுவிட்டார். அவள் சொன்னதில் பிழை என்ன? வீட்டிலே தமிழ் பேசட்டும், குறள் படிக்கட்டும். அதனோடு, தான் வீடு என்று சொன்ன நாட்டின் மண்ணையும் மக்களையும் அவள் அறிந்து வளரவேண்டும் என்பதே நம் கருத்து.

சாந்திநிகேதன் கலாபவனத்தில் ராம்கிங்கர் பைஜ் 1938-இல் அமைத்த சந்தால் குடும்பச் சிற்பத்தையும் கண்டு திரும்புதல் நன்று. கூடையில் குழந்தையைச் சுமந்து இடம்பெயரும் குடும்பம் அது. அதனைச் சிமெண்டோடு இந்நிலத்துச் செம்பரல்களையே குழைத்துப் படைத்தார். காலடியில் மிதிபட்ட பரல் அங்கே தலைநிமிர்ந்து நிற்கிறது.

செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். டிசம்பர் பிற்பகுதியில் பௌஷ் மேளாக் கூட்டம் மிகுதி, அதனைத் தவிர்க்கலாம். குடிநீரும் தேய்ந்து போகாத செருப்பும் அவசியம். சிற்றூரில் கேளாமல் எவர் வீட்டையும் படம் எடுக்கலாகாது. அது காட்சிச்சாலையன்று, மக்கள் குடியிருக்கும் இடம். நுழையும்போது "ஜொஹார்" என்று வணக்கம் கூறுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் முகம் மலர்வதை நேரில் காண்பீர்கள்.