ஒயின் ரேக்காம், வெங்காயமாம்!

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இன்னிக்கு கடுப்புல வந்திருக்கேன், பொறுத்துக்கோங்க மக்களே.

காடாம்புலியூர்ல எங்க பழைய வீட்டை இடிச்சுக் கட்டிக்கிட்டு இருக்கோம். ஹால்ல ஒரு சுவர் காலியா இருக்கு. பெங்களூர்ல இருக்கிற அக்கா வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டார். "மச்சான், அங்க ஒரு ஒயின் ரேக் போட்டுடு. 24 பாட்டில் படுக்க வைக்கணும். நம்ம பலாப் பலகையிலயே செஞ்சா சும்மா அள்ளும்"னு படத்தோட அனுப்பியிருக்கார்.

அந்தப் பலகை கடையில வாங்கினது இல்லீங்க. 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில சாய்ஞ்சது ஞாபகம் இருக்கும். எங்க தோப்புலயும் அதே கதி. காய்ச்சுக்கிட்டிருந்த மரத்தை அறுத்து, அப்பா இத்தனை வருஷமா அடுக்கி வச்சிருக்கார். வீடு கட்டும்போது ஆகும்னு. அதுல பாட்டில் வைக்க ஓட்டை போடணுமாம்.

சரி, கோபத்தை ஓரமா வச்சிட்டு இஞ்சினியர் மாதிரியே பேசுவோம்.

பாட்டிலை எதுக்குப் படுக்க வைக்கிறாங்க? தக்கை மூடி காயக்கூடாதுன்னு. காய்ஞ்சா சுருங்கும், காத்து உள்ள போகும், ஒயின் கெடும். திருகு மூடி பாட்டிலுக்கு இந்தக் கவலையே கிடையாது. பிரிட்ஜ்ல நிக்க வச்சாலே போதும்.

அடுத்தது சூடு. ஒயினை வருஷக்கணக்கா வைக்கணும்னா 12, 13 டிகிரி வேணும், அதுவும் ஏறி இறங்காம. வெளிச்சமும் படக்கூடாது. நம்ம ஊர்ல மே மாசம் வெயில் 40ஐத் தொடுது. அந்தச் சுவருக்கு எதிர்ல மேற்கு ஜன்னல் வேற! அங்க ஒரு கோடை இருந்தா ஒயின் வெந்து போயிடும்.

"அப்போ தரைக்கு அடியில ஒரு அறை கட்டிடலாம்"னார் மாமா. ஐரோப்பாக்காரன் நிலவறை தோண்டுறான்னா அவன் மண்ணே குளிர்ச்சி. கொஞ்சம் ஆழம் போனா மண்ணோட சூடு அந்த ஊரோட வருஷ சராசரி சூட்டுக்குப் பக்கத்துல நின்னுடும். நம்ம ஊருக்கு அது 28 டிகிரி மாதிரி. இன்னும் தோண்டினா சூடு கூடத்தான் செய்யும். பக்கத்துல நெய்வேலியில அவ்ளோ ஆழம் தோண்டி எடுத்தது நிலக்கரி, ஐஸ் இல்ல :-)

கடைசியா எடுத்தார் பாருங்க ஒரு அஸ்திரம்: தமிழர் மரபு! யவனர் மது நமக்குப் புதுசா, அரிக்கமேடு தெரியாதான்னார். தெரியும் மாமா. 1945ல மார்டிமர் வீலர் தோண்டினப்போ மத்தியதரைக் கடல் பக்கத்து ரெண்டு காது ஜாடிங்க உடைஞ்சு கிடைச்சது. அது கப்பல்ல சரக்கு ஏத்தி வர்ற ஜாடி. உள்ள ஒழுகாம இருக்க பிசின் பூசுவாங்க. எல்லாத்துலயும் ஒயின்கூட இல்ல, சிலதுல ஆலிவ் எண்ணெய், சிலதுல மீன் சாறு. விருந்தாளிக்குக் காட்ட ஹால்ல அடுக்கினது கிடையாது!

அந்த 24 பாட்டில் எங்கேர்ந்து வரும்? பாண்டிச்சேரியில வாங்கி டிக்கியில போட்டுக்கலாம்னு நினைப்பு. எல்லை தாண்டினா 1937 மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கு. தனியா ஒயின் பிரிட்ஜ் வாங்குங்கன்னேன். "அது ஷோவா இருக்காது மச்சான்"னார். அப்ப விஷயம் ஒயின் இல்ல, ஷோ. பூனைக்குட்டி வெளிய வந்துடுச்சா?

மாமா சொன்னதுல ஒண்ணை நான் ஒத்துக்கறேன். ஒளிச்சு வச்சுக் குடிக்கிறதைவிட வெளிப்படையா குடிக்கிறது மேல். குடிக்கட்டும். ஆனா கடையில கிடைக்கிற ஒயின்ல பெரும்பாலானது வாங்கின ஒண்ணு ரெண்டு வருஷத்துல குடிக்கிறதுக்கே செஞ்சது. ஊற வைக்கிறதுக்கு இல்ல. வாங்கு, பிரிட்ஜ்ல வை, குடி, முடி. இதுக்கு எதுக்குய்யா சுவரும், அப்பாவோட மரமும்?

அந்த வீட்டுல இருக்கப் போறது அப்பாவும் அம்மாவும். மாமா வர்றது பொங்கலுக்கு மூணு நாள். அந்தச் சுவருக்கு என்ன வேணும்னு அம்மாவை யாருமே கேக்கல, நான் உட்பட. நேத்துதான் கேட்டேன். "ஊறுகாய் ஜாடியெல்லாம் கீழ கிடக்குடா, குனிஞ்சு எடுக்க முடியல"ன்னாங்க. அப்பா அப்பவும் ஒண்ணும் பேசல. எழுந்து போய் பலகையில தூசி தட்ட ஆரம்பிச்சிட்டார்.

முடிவு பண்ணியாச்சு. அந்தச் சுவத்துல இடுப்பு உயரத்துல அம்மாவோட ஜாடி அலமாரி. உப்பும் எண்ணெயும் போட்ட மாங்காய், 40 டிகிரியைப் பார்த்துப் பயப்படாத சரக்கு.

டிஸ்கி: மாமா இதைப் படிப்பீங்கன்னு தெரியும். பொங்கலுக்கு வாங்க. பிரிட்ஜ் கீழ்த்தட்டுல ஒரு பாட்டிலுக்கு இடம் இருக்கு. தொட்டுக்க ஊறுகாய் இலவசம் :-)