கத்தி படாத பிரேதப் பரிசோதனை: குழந்தைகளுக்கு எந்த அளவு உதவும்?

இரவு பால் குடித்துத் தூங்கிய கைக்குழந்தை காலையில் கண் விழிக்கவில்லை. ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்ய வேண்டுமே என்று வீட்டார் தவிக்கும் வேளையில், பிரேதப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்று காவல்துறை சொல்கிறது. மையித்துக்கும் கண்ணியம் உண்டு என்று நம்பும் நமக்கு, அந்தப் பிஞ்சு உடலில் கத்தி படுவதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அறுக்காமலேயே காரணத்தைக் கண்டறிய முடியாதா?

ஓரளவு முடியும். இறந்த உடலை சி.டி. ஸ்கேன் செய்து பார்க்கும் முறை ஜப்பானில் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. பிரிட்டனில் முஸ்லிம்களும் யூதர்களும் இதை வலியுறுத்தி வந்துள்ளனர். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் 2021-ல் இவ்வசதி தொடங்கப்பட்டது. ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உடலில் கீறல்கூட விழாது.

ஆனால், ஸ்கேனால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா என்பதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எலும்பு முறிவையும் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவையும் சி.டி. நன்றாகக் காட்டும். வெளியே தெரியாத விலா எலும்பு முறிவுகூட அதில் தெரியவரலாம். ஆனால் கிருமித் தொற்று, இதயத் தசை அழற்சி, பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்றக் குறைபாடு போன்றவை பெரும்பாலும் அதில் பிடிபடாது. அவற்றுக்கு இரத்தமும் திசு மாதிரியும் தேவை.

பிரிட்டனில் 400 சிசுக்களையும் குழந்தைகளையும் ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. அதில் பயன்பட்டது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனை போன்றவையும். அறுத்துச் செய்த பரிசோதனையின் முடிவோடு 89 சதவீதம் ஒத்துப்போனது. ஆனால் ஒரு வயதைக் கடந்த குழந்தைகளில் அந்தப் பொருத்தம் சுமார் 54 சதவீதம்தான். கருவில் இறந்த சிசுக்களுக்குச் சிறப்பாகக் கைகொடுத்த முறை, வளர்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதவில்லை.

காரணம் தெரிவது ஏன் முக்கியம்? பரம்பரை நோய் என்றால் அடுத்த குழந்தையைக் காப்பாற்ற வழி பிறக்கும். தாய் மீது விழும் வீண்பழி நீங்கும். யாரேனும் தீங்கிழைத்திருந்தால், பேச முடியாத அந்தக் குழந்தைக்கு நீதி கிடைக்கும். இதுவும் அந்த உயிருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமையே.

எனவே நமது கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இந்த வசதி வர வேண்டும். முதலில் ஸ்கேன், விடை கிடைக்காவிட்டால் தேவையான இடத்தில் மட்டும் பரிசோதனை என்ற ஒழுங்கு வேண்டும். இவற்றை ஜமாஅத்துகள் அரசிடம் முறையாக எடுத்துச் சொல்லலாம். அதுவரை, விசாரணைக்குத் தேவையென மருத்துவர் கூறும் பரிசோதனையைத் தடுத்து மோதுவதைவிட, ஜமாஅத் பெரியவர் ஒருவர் பெற்றோருடன் மருத்துவமனைக்குச் சென்று, பணிகள் தாமதமின்றி முடியத் துணை நிற்பதே அந்தக் குடும்பத்துக்கு உண்மையான ஆறுதல்.