மலையகத் திசைச்சொல்

தமிழ்ச் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார் தொல்காப்பியர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளில் வழங்கிய சொற்களை அவர் இழிவழக்கென்று ஒதுக்கினாரல்லர். செய்யுளில் இடம்பெறும் உரிமையை அவற்றுக்கும் அளித்தார். அப்பெருந்தன்மை இன்று நம் மலையகப் பள்ளிகளில் உண்டா என்பதே ஈண்டு எழும் வினா.

தன் ஊர் வழக்கு இன்னதென்பதை ஊரிலிருப்போன் எளிதில் அறியான். பிறநாட்டில் வாழப் புகுந்த பின்னரே அறிவான். இதற்கு நம் மக்களின் வரலாறே தக்க சான்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை வகுத்தது. அட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்து வளர்ந்தோர் புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, ஆங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் அடைந்தனர். முன்னொரு காலத்தில் இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த்தடைக்காக நிறுத்திவைத்த மண்டபம் முகாமே, மீண்டு வந்தோர் தங்கும் இடமும் ஆயிற்று. 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு அவர்க்குப் பெயர் சூட்டியது. ஆயினும், பாட்டன் பிறந்த நாடு பேரனுக்கு வெளிநாடாகவே இருந்தது.

அதனை அவர்க்கு உணர்த்தியவை மிகச் சிறிய செய்திகளே. கடையிற் சென்று 'பாண்' கேட்டால் எவர்க்கும் விளங்கவில்லை. 'ரொட்டி' கேட்டாற் பாணே கிடைத்தது. கோதுமை மாவையும் தேங்காய்ப் பூவையும் பிசைந்து தட்டிச் சுட்ட ரொட்டியைச் சம்பலோடு உண்டு மலைக்குப் போனவர்க்கு அது வியப்பாயிற்று. சவர்க்காரம் ஆங்கே சோப்பு. பாலூற்றாத தேயிலைச் சாயத்தைப் பருகி, உள்ளங்கையிலிட்ட சீனியை இடையிடையே நாவால் தொட்டுக்கொள்ளும் பழக்கமோ அந்நாட்டார்க்கு வியப்பாயிற்று. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் பறித்ததும் அதே கொழுந்துதான். எனினும், வாய் திறந்தவுடன் 'சிலோன்காரர்' என அடையாளங் காணப்பட்டனர். இங்கே 'இந்தியத் தமிழர்', அங்கே 'சிலோன்காரர்'! ஏடுகள் எவ்வாறு எழுதினும், அவர்தம் ஊர் எதுவென்பதை அவர்தம் நாவே சொல்லிற்று.

அந்நாவில் வழங்கிய சொற்கள் சிலவற்றை நோக்குக. இசை கற்றோர்க்கு 'லயம்' தாளத்தின் ஒழுங்கு. தோட்டத்தார்க்கோ ஒற்றையறை வீடுகளின் நெடுவரிசை. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் முன்னோர் அவ்வாறு தமிழாக்கினர். படைவீரரின் 'பரேட்' விடியற்காலையில் தொழிலாளர் வந்து நிற்கும் 'பிரட்டு' ஆயிற்று. தோட்டத்து ஆட்சி எத்தகையதென்பதை அச்சொல்லே காட்டும். பதிவேட்டிற் பெயர் பதிந்தாற்றான் அன்றைய கூலி உண்டு. ஆதலின் ஒருநாட் கூலியே 'பேர்' எனப்பட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. உழைத்தவளின் பெயரையே பாதியாக வெட்டிய அம்முறைமையை இவ்வொரு சொல்லினும் தெளிவாக எந்நூல் உரைக்கும்?

இத்தகைய சொற்களை மாணவர் தம் கட்டுரையில் எழுதினாற் சிவப்பு மையால் அடிக்கும் வழக்கம் ஆசிரியரிடையே உளது. தேர்வுக்கும் உலகியலுக்கும் பொதுத்தமிழ் வேண்டுமென்பதில் ஐயமில்லை. அதனைச் செவ்வனே கற்பித்தல் நம் கடன். ஆயினும், 'இவ்விடத்துக்கு இச்சொல் பொருந்தாது' என்று அறிவுறுத்துவது வேறு. 'உன் தாய் பேசுவது பிழை' என்று கற்பிப்பது வேறு. பின்னதைக் கற்ற பிள்ளை தன் தாயோடு பேச நாணும். நாணிய தலைமுறையோடு சொற்களும் மறையும்.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியமையால் அவை நமக்குக் கிடைத்தன. சொற்களுக்கும் அத்தகு தொண்டு வேண்டும். லயத்தில் இன்றும் முதியோர் பலர் உளர். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குறிப்பேடு திறக்கப்படுக. மாணவர் தம் பாட்டியரிடம் கேட்டுச் சொல்லையும் பொருளையும், அது வழங்கிய தோட்டத்தையும் தொழிலையும் அதில் எழுதுக. ஆசிரியர் அவற்றைச் சரிபார்த்து ஒழுங்கு செய்க. செலவில்லாத இப்பணிக்கு அடுத்த விடுமுறையே போதிய காலம்.