சட்டையைப் பிடிக்கும் விமர்சனம்

பழைய படங்களையும் உலகப் படங்களையும் டிஸ்க்கில் வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் கலெக்‌ஷன், தன் முத்திரை போட்ட டி-ஷர்ட், தொப்பி, துணிப்பை எல்லாம் விற்கிறது. அங்குள்ள ரசிகர்கள் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். போடலாமா கூடாதா என்று ரசிகர்களுக்குள்ளேயே சண்டையும் நடக்கிறது. அந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு, இது ரசனையின் சீரழிவு என்று சென்ற இதழில் ஒரு விமர்சகர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். படம் எடுத்தவன் ஒருவன், அதை டப்பாவில் போட்டு விற்பவன் இன்னொருவன். விற்பவன் பெயரை மார்பில் சுமப்பவன் கலையை விட்டுவிட்டுக் கடையைக் கும்பிடுகிறான் என்பது அவருடைய மைய வாதம். போட்டுக்கொள்கிறவர்களில் பாதிப்பேர் அந்தப் படங்களைப் பார்த்தே இருக்க மாட்டார்கள் என்றும், அந்தக் காசுக்குப் படம் வாங்கியிருக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

மைய வாதம் முழுக்க அறியாமையில் நிற்கிறது. அதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

“டப்பாவில் போட்டு விற்பவன்” என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்! சத்யஜித் ராய்க்கு 1992இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது, விழாவில் காட்டுவதற்கு அவருடைய படங்களின் நல்ல பிரதி கிடைக்காமல் திண்டாடினார்கள். அதன் பிறகுதான் படங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவாகி, மூல நெகட்டிவுகள் லண்டனில் உள்ள ஹெண்டர்சன் லேபுக்குப் போய்ச் சேர்ந்தன. 1993இல் அந்த லேப் தீப்பிடித்தது. ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ மூன்றின் நெகட்டிவும் கருகிப்போயின. எரிந்த சுருள்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதே அன்றைய நிலை. ஆஸ்கர் அகாதமியின் ஆவணக்காப்பகம் அவற்றைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவை அப்படியே கிடந்தன.

அந்த டப்பாக்களைத் திறக்கச் சொன்னது கிரைட்டீரியன். உள்ளே இருந்த பிலிம் சூட்டில் சுருங்கி, மொரமொரவென்று தொட்டால் உடைந்துபோகிற நிலையில் இருந்தது. இத்தாலியின் பொலோன்யா நகரில் உள்ள லிம்மாஜினே ரித்ரொவாத்தா லேபுக்கு அதை அனுப்பினார்கள். அங்கே பிலிமுக்கு ரசாயன முறையில் ஈரப்பதம் ஏற்றி இளக்கினார்கள். உருகி ஒட்டியிருந்த டேப்பையும் பசையையும் சுரண்டி எடுத்தார்கள். சிதைந்துபோயிருந்த ஓரத் துளைகளைக் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். ஸ்கேனரில் ஏற்றுவதற்கு முன்னால் இந்தக் கைவேலைக்கு மட்டும் ஏறக்குறைய 1,000 மணி நேரம் ஆனது. கடைசியில் ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த மூல நெகட்டிவிலிருந்தே மீண்டு வந்தன. ‘அபுர் சன்சார்’ நெகட்டிவின் மிச்சம் பயன்படாத அளவுக்குப் பாழாகியிருந்ததால் வேறு பிரதிகளைத் தேடி எடுத்து வேலை செய்தார்கள். 2015 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புதுப்பித்த படங்கள் திரையேறின. அதே ஆண்டு டிஸ்க்கும் வந்தது.

‘பதேர் பாஞ்சாலி’யில் துர்காவும் அபுவும் நாணல் காட்டுக்குள் ஓடிப்போய் ரயில் பார்க்கும் காட்சியை இன்று அவ்வளவு துல்லியமாக நாம் பார்க்கிறோம் என்றால், அதில் சுப்ரதா மித்ராவின் ஒளிப்பதிவு இருக்கிறது, ராயின் மேதைமை இருக்கிறது, இந்த 1,000 மணி நேரமும் இருக்கிறது. இந்த மூன்றாவதற்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஒருவன் நன்றியோடு நெஞ்சில் போட்டுக்கொண்டால் நம் விமர்சகருக்கு என்ன எரிகிறது?

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு படம் சொல்கிறேன். உதய் சங்கரின் ‘கல்பனா’, 1948. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்தது. ஒளிப்பதிவு கே. ராம்நாத். பின்னாளில் ‘ஏழை படும் பாடு’, ‘மர்மயோகி’ இயக்கிய அதே ராம்நாத்தான். நாட்டியப் பேரொளி பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியதும் இந்தப் படத்தில்தான். மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய அமைப்பு அதைப் புதுப்பித்து 2012இல் கான் விழாவில் திரையிட்டது. 2022இல் அதைப் பிற நாட்டுப் படங்களோடு ஒரே பெட்டியில் வைத்து வெளியிட்டது கிரைட்டீரியன். சென்னையில் பிறந்த ஒரு படத்தை நியூயார்க்கில் ஒரு மாணவன் கடையில் கேட்டு வாங்க முடிகிற நிலையை உண்டாக்கியவர்களை, வெறும் டப்பா வியாபாரிகள் என்று ஒரு தமிழ் விமர்சகரே எழுதுவது வெட்கக்கேடு.

வெளியிடுபவனுக்குக் கலையில் பங்கில்லை என்பதும் வரலாறு தெரியாத பேச்சு. 1984இல் ‘சிட்டிசன் கேன்’, ‘கிங் காங்’ இரண்டையும் லேசர் டிஸ்க்கில் கொண்டுவந்துதான் இந்த நிறுவனம் தொடங்கியது. ‘கிங் காங்’ ஓடும்போதே ரொனால்ட் ஹேவர் என்ற ஆவணக் காப்பாளர் படம் உருவான கதையைப் பேசிக்கொண்டு வரும் தனி ஒலித்தடம் அதில் இருந்தது. பின்னாளில் டிவிடி வாங்கிய எல்லோரும் கேட்ட இயக்குநர் உரைக்கெல்லாம் தொடக்கம் அதுதான். அகலத்திரைப் படங்களை இரண்டு பக்கமும் வெட்டிச் சதுரமாக்கித் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுச் சட்டகத்தையும் காட்டுவதை வழக்கமாக்கியதில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இதற்குப் பெயர் பதிப்பாசிரியன் வேலை. க்ரியா வெளியீடு என்றால் நம்பி வாங்கிய வாசகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்கள் யாரும் எழுத்தாளனை மறந்துவிடவில்லை. பெங்குவின் அட்டை அச்சிட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவனைப் பார்த்து இலக்கியம் செத்துவிட்டது என்று யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. படத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தீட்டு?

கிரைட்டீரியனாவது பெரிய பெயர். கனெக்டிகட் மாநிலத்தில் 2012இல் தொடங்கிய வினிகர் சிண்ட்ரோம் நிறுவனத்தின் டி-ஷர்ட்டையும் ரசிகர்கள் போடுகிறார்கள். அசிடேட் பிலிமைத் தின்னும் நோயின் பெயர் அது. பிலிம் கெடும்போது காடி வாடை அடிக்கும், சுருங்கும், கோணும். அதிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்து டப்பாவில் இருப்பதையும் கெடுக்கும். மூன்றாந்தரம் என்று எல்லோரும் கைவிட்ட திகில் படங்களையும் மலிவுப் படங்களையும் அந்த நோய் தின்று தீர்ப்பதற்குள் மீட்பது இவர்கள் வேலை. அவற்றில் பல எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அழிந்துபோகட்டும் என்று சொல்லும் உரிமை எனக்கும் கிடையாது, விமர்சகருக்கும் கிடையாது.

அடுத்து, பார்க்காதவர்கள் போடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. இதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? வழியில் போகிறவரை நிறுத்தித் தேர்வு வைத்தாரா? இந்தத் தேர்வின் சங்கதி எனக்குத் தெரியும். டி-ஷர்ட் போட்ட இளம்பெண்ணிடம்தான் “மூன்று படம் பேர் சொல்லு” என்று கேட்பார்கள். நரைத்த தாடி வைத்த ஆணிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் படம் எதையும் பார்க்காத ஒரு பெண் அந்தச் சட்டையை அழகுக்காகவே வாங்கினாள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் பெர்க்மனுக்கு என்ன குறைந்துவிட்டது? நாளைக்கு அவளிடம் ஒருவர் அதென்ன முத்திரை என்று விசாரிப்பார், பேச்சு வளரும், இருவரில் ஒருவராவது ஒரு படம் பார்ப்பார். நாமெல்லாம் சினிமாவுக்குள் வந்ததும் இப்படி ஏதோ ஒரு பக்கவாசல் வழியாகத்தான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். கிரைட்டீரியன் ப்ளூ-ரே ஒன்றின் அட்டை விலை 39.95 டாலர், 4கே என்றால் 49.95. அதோடு பிளேயர் வேண்டும், நல்ல டிவி வேண்டும், அடுக்கி வைக்க இடம் வேண்டும். ஓர் அறையை மூன்று பேர் பகிர்ந்துகொண்டு தங்கும் மாணவனிடம் போய், துணி வாங்காதே டிஸ்க் வாங்கு என்று உபதேசம் செய்வது, இருப்பவன் இல்லாதவனை ரசனைக் குறைவு என்று இகழ்வதுதான், வேறொன்றுமில்லை. அவன் கொடுக்கும் டாலரும் அதே நிறுவனத்துக்குத்தான் போகிறது.

டிஸ்க் விற்ற இடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும் காலம் இது. தபாலில் டிவிடி அனுப்பி வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை நிறுத்தியது. பெஸ்ட் பை கடைகள் 2024இல் டிஸ்க் விற்பதையே கைவிட்டன. கிரைட்டீரியன் படங்களும் இருந்த ஃபிலிம்ஸ்ட்ரக் ஸ்ட்ரீமிங் தளத்தை அதன் பெருமுதலாளிகள் 2018 நவம்பரில் இழுத்து மூடினார்கள். ஸ்கார்செஸி உள்ளிட்ட பெரிய இயக்குநர்கள் கேட்டுக்கொண்டும் அது பிழைக்கவில்லை. கடை அலமாரியின் முன் நின்று, முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே படத்துக்குக் கை நீட்டிப் பேச ஆரம்பிக்கும் இடம் போய்விட்டது. 2024இல் கிரைட்டீரியன் தன் நாற்பதாம் ஆண்டுக்கு ஒரு வேனில் டிஸ்க் அலமாரியை ஏற்றி நியூயார்க் திரைப்பட விழாவுக்குக் கொண்டுவந்தபோது, மூன்றே நிமிடம் உள்ளே நிற்பதற்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். பையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நின்றவர்களைக் கடையைக் கும்பிடும் கூட்டம் என்கிறார் விமர்சகர். தன்னைப் போல் இன்னொருவர் இந்த ஊரில் இருக்கிறாரா என்று தேடுகிறவர்கள் அவர்கள்.

அவருடைய கட்டுரையில் ஒரே ஓர் இடத்தில் உண்மை எட்டிப் பார்க்கிறது. ஒரு நிறுவனத்தின் பட்டியலே உலக சினிமா என்று சில ரசிகர்கள் நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்கிறார். ஆம், அது ஆபத்து. ஆனால் அந்த வரியை எழுதிவிட்டு உடனே தொப்பிக்குத் தாவிவிடுகிறார். அங்கே நின்றிருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் எண்ணிப் பார்த்து எழுதியது: ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் ஆப்பிரிக்க அமெரிக்க இயக்குநர்கள் நான்கே பேர். அது தன் பார்வையின் குறை என்று நிறுவனத் தலைவர் பீட்டர் பெக்கரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2024இல் கிரைட்டீரியனும் அதன் சகோதர நிறுவனமான ஜானஸ் ஃபிலிம்ஸும் ஸ்டீவன் ரேல்ஸ் என்ற கோடீஸ்வரரின் கைக்குப் போயின. இத்தனை படங்களின் கதி ஒரு தனி மனிதரின் விருப்பத்தில் இருப்பது சரியா என்ற கேள்வியை விமர்சகர் எழுப்பவே இல்லை. பட்டியலில் யார் விடுபட்டார்கள், சொத்து யார் கையில் இருக்கிறது என்று அவர் எழுதட்டும். அந்தக் கட்டுரைக்குக் கீழே நானும் கையெழுத்துப் போடுகிறேன்.