மேப்பை மாத்தணுமா, மொபைலை மாத்தணுமா? லாங் டிரைவுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

ஊட்டி டிரிப் முடித்து ஊர் திரும்பும் ஒரு கார். 'இதுதான் சீக்கிரம் போற வழி' என்று மேப் காட்டுகிறது. நம்பித் திரும்பினால், எதிரே படிக்கட்டு! 2024 ஜனவரியில் கூடலூரில் நடந்த சம்பவம் இது. கர்நாடகாவிலிருந்து வந்திருந்த அந்த நண்பர்களின் கார் படியில் சிக்கி நிற்க, போலீஸும் ஊர் மக்களும் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். போட்டோ வைரலானது. எல்லோரும் சிரித்தோம்.

அதே வருடம் நவம்பரில் வந்த செய்திக்கு யாராலும் சிரிக்க முடியவில்லை. உத்தரப்பிரதேசத்தில் பரேலி அருகே, ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்தப் பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போயிருந்தது. ஜிபிஎஸ் காட்டிய வழியில் வந்ததாகச் சொன்னது போலீஸ். மேப்பில் பாலம் இருந்தது, தரையில் இல்லை.

இந்த மாதிரி ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்வி: "வேற எந்த ஆப் நல்லது மச்சி? புது டிவைஸ் வாங்கிடலாமா?" மாத்தலாம், தப்பில்லை. ஆனால் எதை மாத்தணும்னு தெரியாமல் மாத்தினால், காசு போகும், பிரச்னை அப்படியே இருக்கும்.

ஜிபிஎஸ் வேற, மேப் வேற!

நாம் ரெண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். ஜிபிஎஸ் என்பது சுமார் 20,000 கி.மீ உயரத்தில் சுற்றும் அமெரிக்க செயற்கைக்கோள்களின் கூட்டம். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்கள் மொபைல் கணக்குப் போட்டுவிடும். இதற்கு நெட்கூட வேண்டாம். ஜிபிஎஸ்ஸின் வேலை இதோடு முடிந்தது.

அந்த இடத்தில் ரோடு இருக்கிறதா, பாலம் உடைந்திருக்கிறதா, ஒன்-வேயா, முட்டுச்சந்தா என்பதெல்லாம் மேப்பின் வேலை. கூடலூரிலும் பரேலியிலும் கார் எங்கே இருக்கிறது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. எதிரே என்ன இருக்கிறது என்பதில்தான் தப்பு.

"நம்ம நாவிக் முழுசா வந்துட்டா எல்லாம் சரியாகிடும்" என்று நினைக்கிறீர்களா? இஸ்ரோவின் நாவிக் நமக்குத் தேவையான ஒன்றுதான். ஆனால் அதுவும் இருக்கும் இடத்தைத்தான் சொல்லும். பாலம் உடைந்ததைச் சொல்லாது. அதுவுமில்லாமல், 2025 ஜனவரியில் அனுப்பிய என்விஎஸ்-02 செயற்கைக்கோள், போகவேண்டிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் மொபைல் பாக்ஸில் 'நாவிக்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

முதல்ல நோயைக் கண்டுபிடிங்க

நீல நிறப் புள்ளி ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கிறதா, குதித்துக் குதித்துப் போகிறதா? அப்படியென்றால் பிரச்னை மொபைலில். முதலில் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குத் துல்லியமான லொகேஷன் அனுமதி ஆனில் இருக்கிறதா பாருங்கள். மேக்னட் ஹோல்டர் வைத்திருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள், காந்தம் திசைகாட்டியைக் குழப்பும். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் புது மொபைல் பற்றி யோசிக்கணும். வாங்கும்போது எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கும் மாடலா என்று கேளுங்கள. உயரமான கட்டடங்களுக்கு நடுவே இந்த வகை கொஞ்சம் தெளிவாக வேலை செய்யும்.

புள்ளி சரியாக நிற்கிறது, ஆனால் வழி தப்பாக வருகிறதா? இது மேப் பிரச்னை. 50,000 ரூபாய் மொபைல் வாங்கினாலும் அதே ஆப் அதே சந்துக்குள்தான் கொண்டுபோய் விடும். இதற்குமுன் இன்னொன்றையும் பாருங்கள். இந்தியாவுக்காக 2017-ல் வந்த டூ-வீலர் மோடை ஆனில் வைத்துக்கொண்டே கார் ஓட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பைக் போகும் சந்தில் கார் மாட்டினால், ஆப்பை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

காரிலேயே வந்த பழைய நேவிகேஷனா? அதில் மேப்பை அப்டேட் செய்யாவிட்டால், கார் வாங்கிய வருடத்து ரோடுதான் இன்றும் இருக்கும். புது பைபாஸில் போகும்போது வயலுக்கு நடுவே பறப்பது மாதிரி காட்டுவது இதனால்தான்.

எந்த ஆப்?

இந்த ஏரியாவில் இப்போது நல்ல போட்டி. 2024 ஜூலையில் கூகுள் மேப்பை விட்டுவிட்டு சொந்த மேப்புக்கு மாறியதாக அறிவித்தது ஓலா. அதே மாதம் இந்திய டெவலப்பர்களுக்கான கட்டணத்தைக் குறைத்தது கூகுள். கூடவே, சென்னை, கோவை உட்பட 8 நகரங்களில் குறுகிய ரோடுகளைத் தவிர்க்கும் வசதி, 40 நகரங்களில் ஃப்ளைஓவர் அலர்ட் என்று அறிவிப்புகள். 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் காரில் மேப்பில்ஸ் ஆப்பைப் பயன்படுத்தி வீடியோ போட, டவுன்லோடுக்கு ஒரு கூட்டமே கிளம்பியது. இந்த ஆப்பை நடத்தும் மேப்மைஇந்தியா புது கம்பெனி இல்லை, 1995-லிருந்து இருப்பது. ஃப்ளைஓவரில் ஏறணுமா, கீழே போகணுமா என்பதை 3டி படமாகக் காட்டுவது இதன் பிளஸ். கத்திப்பாராவில் ஒருமுறை தப்பான லூப்பில் ஏறியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நெட்டே இல்லாத இடத்துக்குப் போகிறீர்களா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் முழுக்க ஆஃப்லைனில் வேலை செய்யும். ஆனால் டிராஃபிக் காட்டாது. கூகுளிலும் ஆஃப்லைன் மேப் டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

யாரோ கொடுத்த ஸ்டாரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வழியில், அதாவது வீட்டிலிருந்து சொந்த ஊர் வரைக்கும், ரெண்டு ஆப்பையும் போட்டுப் பாருங்கள். ஃப்ளைஓவரை எவ்வளவு முன்கூட்டியே சொல்கிறது? சர்வீஸ் ரோட்டைக் குழப்புகிறதா? கடைசி அரை கிலோமீட்டரில் சரியான தெருவுக்குக் கொண்டுபோகிறதா? இதில் ஜெயிக்கிற ஆப்தான் உங்களுக்கு நல்ல ஆப். ரெண்டாவதையும் டெலீட் பண்ண வேண்டாம். ரெண்டும் வேறு வேறு வழி காட்டினால், அதுவே நின்று யோசிப்பதற்கான ஒரு சிக்னல்.

எங்க மாட்டுறீங்க?

மே மாத வெயிலில் கார் கண்ணாடியை ஒட்டி மொபைலை மாட்டி, சார்ஜும் போட்டால், சூடேறி ஸ்கிரீன் மங்கிவிடும். ஏசி காற்று வரும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பைக் ஹேண்டில்பாரில் மாட்டுபவர்களுக்கு இன்னொரு விஷயம்: பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிளே எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் மவுன்ட் வாங்கிவிடுங்கள். வண்டி ஓட்டும்போது வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி மொபைலைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து விதியே இருக்கிறது. ஓடும்போது ரூட் மாத்துவது, ரிப்ளை போடுவதெல்லாம் இதில் வராது.

மேப்பை மட்டும் நம்பாதீங்க

பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. ஊட்டி, கொடைக்கானல் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். இதையெல்லாம் ஆப் சொல்லும் என்று காத்திருக்காமல், கிளம்பும் முன் நீங்களே பார்த்துவிடுவது நல்லது. மழைக்காலத்தில் இன்னும் கவனம் தேவை. 2024 மே மாதம் கேரளாவின் குருப்பந்தரா அருகே, மேப்பைப் பார்த்து வந்த ஹைதராபாத் டூரிஸ்ட்டுகளின் கார் நிரம்பி ஓடிய ஓடைக்குள் போய்விட்டது. நல்லவேளையாக எல்லோரும் உயிர் தப்பினார்கள்.

அதனால் எந்த ஆப், எந்த மொபைல் வாங்கினாலும் ஒரு பழக்கத்தை விடாதீர்கள். ரோட்டில் தண்ணீர் தெரிந்தாலோ, ஆள் நடமாட்டமே இல்லாமல் பாதை குறுகிக்கொண்டே போனாலோ, மேப் 'நேராப் போ' என்று சொன்னாலும் நிறுத்துங்கள். வண்டியைத் திருப்பி, கடைசியாகப் பார்த்த டீக்கடையில் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, இந்த வழியா கார் போகுமா?" என்று கேளுங்கள். அந்தப் பாலம் போன மழைக்கே போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.