பட்டியல் முதலில், பெயர்ப்பலகை பிறகு

விமானிகள் வேலைநிறுத்தம் என்று டி.வி.யில் செய்தி ஓடினால் எங்கள் புத்தூர் நாலு ரோடு டீக்கடையில் ஒரே தீர்ப்புதான்: “லட்ச லட்சமா வாங்குறாங்க, இன்னும் என்னவாம்?” எனக்கு இதில் உடன்பாடில்லை. எல்லாம் பணத்திமிர் என்று சொல்லிவிட்டால் உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

2007ல் மத்திய அரசு ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கியது. பெயர் மாறியது, விமானத்தின் வண்ணம் மாறியது. விமானிகள் மட்டும் இரண்டாகவே இருந்தார்கள். ஒரு பக்கம் இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன், மறு பக்கம் இந்தியன் பைலட்ஸ் கில்ட். சம்பளக் கணக்கு வேறு, பதவி உயர்வு விதி வேறு.

விமானிக்கு சீனியாரிட்டி என்பது வெறும் மரியாதை இல்லை. எப்போது கமாண்டர் ஆகலாம், எப்போது பெரிய விமானத்துக்குப் போகலாம் என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது. வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் விடிய விடிய நிற்கும் இரண்டு வரிசைகளை, பரமபத வாசலுக்குப் பத்தடி முன்னால் கயிற்றை அவிழ்த்து ஒன்றாக்கினால் என்ன ஆகும்? பக்தர்களுக்குள் தள்ளுமுள்ளு வரும். அப்போது பக்தர்களைத் திட்டுவோமா, கயிற்றை அவிழ்த்தவரைக் கேட்போமா?

இங்கே நடந்ததும் அதுதான். 2011 ஏப்ரல் கடைசியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு வந்தது. இணைப்பு முடிந்து ஏறக்குறைய நாலு வருஷம் கழித்து! 2012 மே மாதம் கில்டின் முறை. இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா ஆர்டர் கொடுத்த 27 ட்ரீம்லைனர்களில் மற்றவர்களுக்கும் பயிற்சி கொடுத்தால் எங்கள் பதவி உயர்வு என்னாவது என்றார்கள். 58 நாள் நீடித்தது. நூறு பேர் வரை வேலைநீக்கம், சங்கத்தின் அங்கீகாரம் ரத்து, டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு. நஷ்டத்தைச் சுமந்தது பொதுமக்கள் வரிப்பணம்.

சங்கங்களை நான் புனிதர்களாக்கவில்லை. 2011ல் ஒரு சங்கம், 2012ல் இன்னொன்று என்று தனித்தனியே போராடினார்கள். ஒரே நிறுவனத்தின் தொழிலாளிகள் பக்கத்து இருக்கைக்காரனை எதிரியாகப் பார்த்தார்கள். உட்கார்ந்து பேசி ஒரு பொதுப் பட்டியலைக் கேட்டிருந்தால் நிர்வாகத்துக்கு ஓட இடமிருந்திருக்காது. பயணிகளை நடுவழியில் நிறுத்தியதும் நியாயமில்லை.

அமெரிக்கா யோக்கியம் என்று சொல்லவில்லை. 2001ல் டி.டபிள்யூ.ஏ. கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ.வின் கேபின் பணியாளர்கள் மொத்தப் பேரையும் பட்டியலின் அடியில் தள்ளினார்கள். இருபது, முப்பது வருஷ சர்வீஸ் உள்ளவர்களும் நேற்று சேர்ந்தவருக்கு ஜூனியர். ஆனால் பாடம் கற்றார்கள். விமான நிறுவனங்கள் இணைந்தால் சீனியாரிட்டியை நியாயமான முறையில் சேர்க்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்று 2007லேயே சட்டம் போட்டார்கள். நாம் இங்கே இணைப்பு விழா நடத்திய அதே வருஷம்.

நாம் இன்னும் கற்கவில்லை. 2024 ஏப்ரலில் ஏர் இந்தியாவுடன் சேரவிருந்த விஸ்தாரா விமானிகள் பலர் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள். உத்தரவாதமான சம்பளம் 70 மணி நேரக் கணக்கிலிருந்து 40 மணி நேரத்துக்கு இறங்கியதுதான் காய்ச்சல். மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் பணியாளர்களுக்கும் அதே காய்ச்சல். முதலாளி அரசிலிருந்து டாடாவுக்கு மாறியிருந்தது, வரிசை மட்டும் மாறவில்லை: கையெழுத்து முதலில், ஆட்களின் கதி பிறகு.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. இரண்டு நிறுவனங்களை இணைக்க அனுமதி கேட்டு வருபவர், இரு தரப்புப் பணியாளர்களும் பார்த்து ஆட்சேபம் சொல்லி, நடுவர் முடித்துவைத்த பொது சீனியாரிட்டிப் பட்டியலையும் கையோடு கொண்டுவர வேண்டும். பட்டியல் இல்லையென்றால் அனுமதி இல்லை. வங்கி, இன்சூரன்ஸ், எந்த இணைப்புக்கும் இதே விதி. பெயர்ப்பலகை எழுதுகிற பெயிண்டர் ஆறு மாதம் காத்திருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது.