தெரு தெரிந்தது, வீடு தெரியவில்லையா?

சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் ரவிச்சந்திரன் அஸ்வினின் ‘ஐ ஹேவ் த ஸ்ட்ரீட்ஸ்’ சுயசரிதையைப் படித்துவிட்டு நம் பிள்ளைகளுக்கு வாழ்க்கைப் பாடம் எடுத்திருக்கிறார். மேற்கு மாம்பலத்துத் தெருவில் ஆடியவர் 106 டெஸ்டுகளில் 537 விக்கெட் எடுத்தாராம். அதனால் எங்கள் ஊர் செட்டியார்பட்டிப் பையன்கள் மைதானம் இல்லை, கோச் இல்லை என்பதெல்லாம் சோம்பேறிகளின் சாக்காம். உழைப்பு ஒன்று போதுமாம்.

இவர் படித்தது புத்தகத்தையா, அட்டையையா?

சித்தார்த் மோங்காவோடு சேர்ந்து அஸ்வின் எழுதி 2024இல் வந்த அந்தப் புத்தகத்தில் தெரு இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னார்கள்? தெருவுக்குப் பின்னால் ஒரு வீடும் இருக்கிறது. அப்பா ரயில்வே ஊழியர், அவரே கிளப் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர். மாதம் பிறந்தால் சம்பளம், வீட்டிலேயே ஆட்டம் தெரிந்த ஆள். சின்ன வயதில் மூச்சுத்திணறலால் அவதிப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பம். தொடக்க ஆட்டக்காரராக இருந்தவர், காயத்துக்குப் பிறகு செயின்ட் பீட்ஸ் பள்ளியில் சி.கே. விஜய் சொல்லித்தான் ஆஃப் ஸ்பின் பக்கம் வந்தார். அப்படி ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லாமல் இருந்திருந்தால் அந்த 537 எங்கே? அதற்கும் மேலே, வாராவாரம் ஆட வைக்கிற சென்னை லீக். இத்தனையையும் கழித்துவிட்டு உழைப்பை மட்டும் மிச்சம் வைக்கிறார் நண்பர்.

விஸ்வநாதன் ஆனந்தின் கதையிலும் இதே கணக்குதான். சதுரங்கம் சொல்லிக் கொடுத்தது அம்மா. போய் ஆடியது சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தின் தால் செஸ் கிளப்பில். அப்பா தென்னக ரயில்வேயில் உயர் அதிகாரி. (தமிழ்நாட்டு விளையாட்டுக்கு ரயில்வே சம்பளம் செய்த உபகாரத்தை யாராவது தனியாகவே எழுதலாம்.)

உழைப்பைப் பற்றி எங்கள் ஊருக்கா பாடம்? ராஜபாளையம் பக்கத்து மில்லில் நைட் ஷிப்ட் முழுக்க, அறுகிற இழையை ஓடி ஓடி ஒட்டிவிட்டு, காலையில் தலையில் பஞ்சோடு வற்றிய கண்மாய்க்கு வந்து நாலு ஓவர் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறவனைக் கட்டுரையாளர் பார்த்ததுண்டா? தளவாய்புரம் பக்கம் பீஸ் ரேட்டுக்கு நைட்டி தைக்கும் பெண்பிள்ளை, ஒரு மணி நேரம் விளையாடப் போனால் அந்த மணி நேரக் கூலி போச்சு. தெரு போதும் என்கிறாரே, அந்தப் பிள்ளையை எந்தத் தெருவில் மட்டை பிடிக்க விட்டோம்?

கிரிக்கெட் வீரர் நடராஜன் வரவில்லையா என்று அடுத்து கேட்பார், தெரியும். வரட்டும், அவரையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவரைச் சென்னைக்குக் கூட்டிப் போனவர் ஜெயப்பிரகாஷ். அந்த நன்றியில்தான் சட்டை முதுகில் ‘ஜே.பி. நட்டு’ என்று போட்டுக்கொண்டார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கிய அதே நடராஜன், ஊர்ப் பிள்ளைகளிடம் தெரு போதும் என்று சொல்லவில்லை. சொந்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். 2023இல் அது திறக்கப்பட்டது. மைதானம் இல்லாமல் வளர்ந்தவருக்கு எது தேவை என்று தெரிந்திருக்கிறது.

சுயசரிதையைச் சத்தியவாக்காக எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கும் ஒரு வார்த்தை. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், புற்றுநோயை வென்று திரும்பிய கதையை 2000இல் புத்தகமாக்கினார். மன உறுதிக்கு அதுதான் பாடநூல் என்று உலகமே கொண்டாடியது. 2012இல் ஊக்கமருந்துக்காக ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களையும் பிடுங்கினார்கள். அடுத்த ஜனவரியில் அவரே டிவியில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார். அவர் பொய் சொன்னார். அஸ்வின் தன் வீட்டையும் சேர்த்துத்தான் எழுதினார், அதை மறைத்தது நம் கட்டுரையாளர்.

பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் படிக்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். படித்துவிட்டு, ‘அவருக்கு இருந்ததில் எங்களுக்கு எதெல்லாம் இல்லை’ என்று பேரூராட்சியில் போய்க் கேட்கட்டும். கட்டுரையாளர் அடுத்த இதழிலும் எழுதுவதாக இருந்தால் ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுதட்டும்: ஐப்பசி மழையில் கண்மாய் பெருகிவிட்டால், மறுபடி வற்றும்வரை இந்தப் பையன்கள் எங்கே போய்ப் பந்து போடுவது?